ஐரிஷ் கொள்ளுத்தாத்தா, 88ஆவது நியூயார்க் படைப்பிரிவு: பிறந்த ஊரை எங்கிருந்து தேடத் தொடங்குவது?

கார்த்திகைப்பூ:

எல்லாருக்கும் வணக்கம். என் கணவர் வீட்டார் ஐரிஷ் வம்சாவளி, பல தலைமுறையாக நியூயார்க்கில் இருக்கிறார்கள். என் மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருக்கு ஒரே ஆசை, தன் கொள்ளுத்தாத்தா அயர்லாந்தில் எந்த ஊர்க்காரர் என்று தெரிந்துகொள்ள வேண்டும், முடிந்தால் அந்த ஊர் மண்ணை ஒருமுறை மிதித்துவிட்டு வர வேண்டும். மருமகள்தான் கணினியில் கெட்டிக்காரி என்று பொறுப்பை என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்கும் இதில் ஆர்வம் தொற்றிக்கொண்டது, எப்படியாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று இருக்கிறது.

தெரிந்ததைச் சொல்கிறேன். அவர் பெயரை இங்கே போடவில்லை, ஆனால் ஐரிஷ்காரர்களில் பத்துப் பேரைக் கூப்பிட்டால் இரண்டு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பொதுவான பெயர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் சிப்பாயாக இருந்தவர். குவீன்ஸில் உள்ள கால்வரி கல்லறைத் தோட்டத்தில் அவர் கல் இருக்கிறது, அதில் பெயரும் "கோ. டி, 88 நியூயார்க் இன்ஃபன்ட்ரி" (88ஆவது நியூயார்க் காலாட்படைப் பிரிவு, டி கம்பெனி) என்பதும் மட்டும்தான், பிறந்த தேதியோ ஊரோ இல்லை. குடும்ப பைபிளில் 1867இல் புரூக்ளினில் திருமணம் என்று எழுதியிருக்கிறது. 1903இல் இறந்தார், அவர் மனைவி 1919 வரை இருந்தார். 1900 மக்கள்தொகைக் கணக்கில் பிறப்பு 1840, அயர்லாந்து, வந்த ஆண்டு 1852 என்று இருக்கிறது, அப்படியானால் பன்னிரண்டு வயது வாக்கில் வந்திருப்பார். வீட்டில் "கார்க்" என்று ஒரு சொல் மட்டும் வழிவழியாக வந்திருக்கிறது. ஃப்ரெடரிக்ஸ்பர்க் சண்டையில் காலில் குண்டு பட்டுக் கடைசிவரை நொண்டினார் என்றும் சொல்வார்கள்.

1852 கப்பல் பயணிகள் பட்டியலைத் திறந்து பார்த்தேன், அதே பெயரில் ஏகப்பட்ட பேர், எல்லாருக்கும் ஊர் "அயர்லாந்து", அவ்வளவுதான். என் கணவர், அயர்லாந்தில் ஓர் ஆய்வாளரைப் பிடித்துக் கார்க் மாவட்டத்து தேவாலயப் பதிவுகளைத் தேடச் சொல்லலாம் என்கிறார். அது சரியான வழிதானா, இல்லை அதற்கு முன் செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

பழையதாள்:

முதலில் அயர்லாந்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆய்வாளருக்கு இப்போது பணம் கொடுத்தால் அவர் கார்க் மாவட்டத்தில் அதே பெயரில் ஞானஸ்நானம் பெற்ற குழந்தைகளின் பட்டியலை அனுப்புவார், அதில் எது உங்கள் ஆள் என்று சொல்ல அவரிடமும் எதுவும் இருக்காது. இந்தத் தேடல் வாஷிங்டனில் தொடங்க வேண்டும். உங்கள் ஆள் சிப்பாய், மனைவி அவருக்குப் பின் பதினாறு வருஷம் இருந்திருக்கிறார், இது இரண்டும் சேர்ந்தால் ஓய்வூதியக் கோப்பு இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அந்த ஊர் எங்காவது எழுதப்பட்டிருந்தால் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

சிப்பாய்க்கு இரண்டு விதமான காகிதம் உண்டு. ஒன்று படைச் சேவைப் பதிவு: எப்போது சேர்ந்தார், எந்த மாதம் ஆஜர், எப்போது ஆஸ்பத்திரியில், எப்போது விடுவிக்கப்பட்டார், உயரம், கண் நிறம், தொழில் என்று சுருக்கமாக இருக்கும். பிறந்த இடத்துக்கு நேராகச் சில சமயம் மாவட்டம் இருக்கும், பல சமயம் "அயர்லாந்து" என்று மட்டும் எழுதிவிட்டுப் போயிருப்பார்கள். இன்னொன்று ஓய்வூதியக் கோப்பு, இதுதான் புதையல். இரண்டும் வாஷிங்டனில் உள்ள அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, இணையத்திலேயே கேட்டு வாங்கலாம்.

ஏன் புதையல் என்றால், அரசாங்கம் சும்மா பணம் கொடுக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் ஆதாரம் கேட்டது. 1862 சட்டப்படி போரில் பட்ட காயமோ நோயோ காரணமாக உடல் முடங்கினால்தான் உதவித்தொகை, சிப்பாய் அதனால் இறந்தால் விதவைக்கு மாதம் 8 டாலர். 1890இல் சட்டம் தளர்ந்தது, 90 நாள் சேவை செய்து நல்லபடியாக விடுவிக்கப்பட்டவருக்கு உழைக்க முடியாத உடல்நிலை இருந்தால் போதும், அது போரினால் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதில்லை. வசதியில்லாத விதவைகளும் கேட்கலாம், ஆனால் அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே திருமணம் ஆகியிருக்க வேண்டும். உங்கள் பாட்டி 1867இல் மணமுடித்தவர், ஆகவே தகுதி உண்டு. அவர் 1903இல் விண்ணப்பித்திருந்தால் திருமணச் சான்று, கணவரின் இறப்புச் சான்று, இருவருக்கும் முன்பு வேறு திருமணம் இல்லை என்று தெரிந்தவர்கள் செய்த சத்தியம், வீட்டில் என்ன சொத்து இருக்கிறது என்ற விவரம் எல்லாம் கொடுத்திருக்க வேண்டும். திருமணச் சான்று எந்தத் தேவாலயத்தில் இருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், பிறகு அந்த தேவாலயத்தின் மூலப் பதிவேட்டைத் தேடலாம். சில பாதிரியார்கள் மணமக்களின் அயர்லாந்து ஊரையும் அதில் எழுதி வைத்தார்கள்.

இன்னொரு தாளைத் தவறவிடாதீர்கள். 1898இல் ஓய்வூதிய அலுவலகம் ஒரு கேள்வித்தாளை அனுப்பியது: மனைவியின் கன்னிப் பெயர் என்ன, எப்போது எங்கே யார் முன்னிலையில் திருமணம், உயிரோடிருக்கும் பிள்ளைகள் யார் யார், எப்போது பிறந்தார்கள். பதிலைச் சிப்பாயே நிரப்பி அனுப்பினார், எழுதத் தெரியாதவராக இருந்தால் வேறொருவர் எழுத, அடியில் ஒரு பெருக்கல் குறி, பக்கத்தில் இரண்டு சாட்சிகளின் கையெழுத்து.

அந்த நொண்டிய கால் விஷயமும் அங்கேயே தெரிந்துவிடும். விண்ணப்பித்தவரை மருத்துவர் குழு பரிசோதிக்கும், அவர்கள் நிரப்பிய படிவத்தில் ஒரு மனித உருவத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் கோட்டுப் படமாக அச்சிட்டிருக்கும், அதில் தழும்பு இருக்கும் இடத்தை மையால் குறித்து வைப்பார்கள். உயரம், எடை, நாடித்துடிப்பு, எத்தனை பல் மிச்சம் என்பதுவரை எழுதியிருப்பார்கள். புகைப்படம் இல்லாத ஒரு மனிதரை அதைவிடக் கிட்டத்தில் பார்க்க முடியாது என்று நான் நினைக்கிறேன்.

சாட்சிகளின் பெயர்களைக் கட்டாயம் எழுதி வையுங்கள். "இவரைச் சின்ன வயசிலிருந்தே எனக்குத் தெரியும்" என்று சத்தியம் செய்கிறவர் பல சமயம் அதே ஊரில் இருந்து வந்தவர். உங்கள் ஆளின் ஊர் எங்குமே கிடைக்காமல், அந்த சாட்சியின் கல்லறைக் கல்லில் ஊரும் மாவட்டமும் தெளிவாக வெட்டியிருப்பது நடக்கக்கூடியதுதான்.

வடகாற்று:

மேலே சொன்னது அத்தனையும் சரி, ஆனால் பணம் கட்டுவதற்கு முன் ஆளைச் சரிபார்க்க வேண்டும். இவ்வளவு பொதுவான பெயர் என்றால் அடுத்தவர் கோப்பை வாங்கி அவர் பாட்டனுக்காக அழுதுகொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

ஓய்வூதிய அட்டவணை இரண்டு வகையாக இருக்கிறது. ஒன்று பெயர் வரிசையில், இன்னொன்று படைப்பிரிவு, கம்பெனி வரிசையில். எல்லாரும் முதலாவதைத்தான் தேடுவார்கள், நீங்கள் இரண்டாவதைத் தேடுங்கள். 88ஆவது நியூயார்க், கம்பெனி டி என்று போய், அதில் அந்தப் பெயரில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். பிறகு அவருடைய பெயர்வரிசை அட்டையையும் பாருங்கள், அதில் விதவையின் பெயரும் இருக்கும், அது உங்கள் பைபிளோடு பொருந்தினால் வேறு யோசனையே வேண்டாம்.

படைப்பிரிவைப் பற்றி ஒரு விஷயம். 88ஆவது, 63ஆவது, 69ஆவது மூன்றும் சேர்ந்துதான் தாமஸ் ஃபிரான்சிஸ் மார் தலைமையில் ஐரிஷ் பிரிகேட் உருவானது, பிற்பாடு 28ஆவது மாசசூசெட்ஸும் 116ஆவது பென்சில்வேனியாவும் சேர்ந்தன. 1862 டிசம்பர் 13 அன்று ஃப்ரெடரிக்ஸ்பர்க்கில் ஏறத்தாழ 1,200 பேராகப் போனவர்களில் 545 பேர் வரை இறந்தோ காயமுற்றோ காணாமலோ போனார்கள். நியூயார்க் பிரிவுகளின் பச்சைக் கொடிகள் கந்தலாகிப் புதுக்கொடிக்காக அனுப்பப்பட்டிருந்ததால், அன்று ஆளுக்கொரு பச்சைத் தழையைத் தொப்பியில் செருகிக்கொண்டு மேரீஸ் குன்றை நோக்கி நடந்தார்கள். உங்கள் குடும்பக் கதை உண்மையாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. ஆனாலும் சேவைப் பதிவில் அந்த மாதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமல் நம்ப வேண்டாம், ஏனென்றால் ஐரிஷ் குடும்பங்களில் எல்லாக் காயமும் ஃப்ரெடரிக்ஸ்பர்க் காயமாகவே நினைவில் நிற்கும். ஒன்பது மாதத்துக்கு முன்னால் அன்டீடம் சண்டையில் பட்டதாகவும் இருக்கலாம், வாதநோயாகவும் இருக்கலாம். (அன்டீடம் 1862 செப்டம்பர் 17, ஒன்பது என்று தட்டிவிட்டேன், மூன்று மாதம்.)

ஆள் குறைந்துபோய் 1863 ஜூனில் 88ஆவது பிரிவை இரண்டே கம்பெனிகளாகச் சுருக்கிவிட்டார்கள். அதனால் டி கம்பெனியில் சேர்ந்தவர் பிந்தைய காகிதங்களில் ஏ அல்லது பி கம்பெனியில் இருப்பார். அதைப் பார்த்து வேறு ஆள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அப்புறம், நியூயார்க் மாநில ஆவணக் காப்பகத்திலும் வீரர்வாரியாகப் படைப்பதிவுச் சுருக்கங்கள் இருக்கின்றன, அவற்றில் பிறந்த இடத்துக்குத் தனிக் கட்டமே உண்டு. வாஷிங்டன் காகிதத்தில் "அயர்லாந்து" என்று இருப்பவருக்கு அங்கே மாவட்டம் கிடைப்பதுண்டு.

குடியுரிமைக் காகிதத்துக்காக ரொம்ப மெனக்கெட வேண்டாம். 1862இல் வந்த இன்னொரு சட்டப்படி நல்லபடியாக விடுவிக்கப்பட்ட 21 வயது நிரம்பிய சிப்பாய், குடிமகனாக விரும்புகிறேன் என்று முன்கூட்டியே அறிவிப்பு கொடுக்காமல் ஒரு வருஷ வசிப்பைக் காட்டியே குடிமகன் ஆகலாம். அந்தக் காலத்துக் காகிதங்களில் பிரிட்டன் அரசிக்கான விசுவாசத்தைத் துறக்கிறேன் என்று இருக்கும், பிறந்த ஊர் பெரும்பாலும் இருக்காது.

நூலகவாசி:

"கார்க்" பற்றி யாரும் பேசவில்லையே என்று வந்தேன். அந்தச் சொல்லைச் சந்தேகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். கார்க் மாவட்டத்தில்தான் குவீன்ஸ்டவுன் துறைமுகம் இருந்தது, இப்போது கோவ் என்கிறார்கள். கெர்ரி, லிமெரிக் என்று வேறு மாவட்டங்களில் எங்கிருந்தோ நடந்து வந்து அங்கே கப்பல் ஏறியவர்களின் பேரப்பிள்ளைகள் "கார்க்கிலிருந்து வந்தோம்" என்று சொல்வது சாதாரணம். 1852இல் வந்தவர்களில் பெரும்பாலோர் முதலில் லிவர்பூல் போய் அங்கிருந்து நியூயார்க் வந்தவர்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள், அப்போது பயணிகளை வரவேற்கும் காசில் கார்டனே கிடையாது, அது 1855இல்தான் வந்தது.

எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி, பன்னிரண்டு வயசுப் பையன் யாரோடு வந்தான்? 1852 பெரும்பஞ்சத்தின் கடைசி ஆண்டு. அதற்குள் சுமார் பத்து லட்சம் பேர் செத்து, அதற்கும் மேலான பேர் நாட்டைவிட்டுப் போயிருந்தார்கள். ஒருவர் முன்னால் போய்ப் பணம் அனுப்பி மற்றவர்களை ஒவ்வொருவராக அழைத்துக்கொள்வார்கள். ஆகவே அக்காவோ மாமாவோ புரூக்ளினில் இருந்திருப்பார். சிப்பாயை மட்டும் துரத்தாமல் அந்த உறவைத் தேடுங்கள். கால்வரி அலுவலகத்தில் அவர் புதைந்திருக்கும் மனையை யார் வாங்கினார்கள், அதே மனையில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வேறு குடும்பப் பெயரில் ஒரு பெண் இருந்தால் அது பெரும்பாலும் அக்கா தங்கை. அவருடைய மரண அறிவிப்பைப் புரூக்ளின் டெய்லி ஈகிள் நாளிதழில் தேடுங்கள், புரூக்ளின் பொது நூலகம் பழைய இதழ்களை இலவசமாக இணையத்தில் வைத்திருக்கிறது. "இன்ன மாவட்டம், இன்ன பங்கில் (ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட ஊர்ப்பகுதி) பிறந்தவர்" என்று ஐரிஷ் மரண அறிவிப்புகளில் போடும் வழக்கம் இருந்தது, கூடவே அயர்லாந்துப் பத்திரிகைகளும் இதைப் பிரசுரிக்கவும் என்று கேட்டிருப்பார்கள்.

நியூயார்க் ஐரிஷ்காரர்களுக்கு இன்னொரு பாக்கியம் எமிக்ரன்ட் சேவிங்ஸ் பேங்க். 1850இல் ஐரிஷ் குடியேறிகளுக்காகத் தொடங்கியது. கணக்கு வைத்திருப்பவர்தான் பணம் எடுக்க வந்திருக்கிறாரா என்று சரிபார்க்க, அந்தக் காலத்தில் அடையாள அட்டை ஏது, பிறந்த ஊர், அப்பா அம்மா பெயர், அம்மாவின் கன்னிப் பெயர், சகோதரர்கள் எங்கே, எந்த ஆண்டு எந்தக் கப்பலில் வந்தார் என்றெல்லாம் ஒரு பேரேட்டில் எழுதி வைத்துக்கொண்டார்கள். சில பதிவுகளில் மாவட்டத்தையும் தாண்டி குக்கிராமம்வரை இருக்கும். அந்தப் பேரேடுகள் இன்று நியூயார்க் பொது நூலகத்தில் இருக்கின்றன, ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளி இணையதளத்திலும் தேடலாம். சிப்பாய் இல்லாவிட்டாலும் அவர் அக்காவோ, கல்யாணத்துக்கு முன் வீட்டு வேலை செய்து காசு சேர்த்த அவர் மனைவியோ அதில் இருக்கலாம்.

ஊர் தெரிந்த பிறகு அயர்லாந்து வேலை நீங்கள் பயப்படுகிற அளவுக்குக் கஷ்டமில்லை. 1864க்கு முன் கத்தோலிக்கர்களுக்கு அரசுப் பிறப்புப் பதிவு கிடையாது, 1922 ஜூனில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் பொது ஆவணக் காப்பகம் எரிந்தபோது 1821 முதல் 1851 வரையான மக்கள்தொகைக் கணக்கு அநேகமாக முழுக்க சாம்பலாகிவிட்டது, எனவே மிஞ்சுவது தேவாலயப் பதிவும் நிலப் பதிவும்தான். கத்தோலிக்கப் பங்குகளின் ஞானஸ்நானப் பதிவுகளை அயர்லாந்து தேசிய நூலகம் 1880 வாக்கில் வரை படம் எடுத்து இலவசமாகப் போட்டிருக்கிறது. மேற்குப் பக்கத்தில் பல பங்குகளின் பதிவேடுகள் தாமதமாகத்தான் தொடங்குகின்றன, ஆகையால் 1840 பிறப்பு கிடைக்காமலும் போகலாம். அப்போது கிரிஃபித் மதிப்பீடு கைகொடுக்கும், 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க நிலத்தையும் வீட்டையும் யார் அனுபவித்தார்கள் என்று எழுதிய கணக்கு. குடும்பம் 1852லேயே கிளம்பிவிட்டதால் அதில் அப்பாவின் பெயர் இல்லாமல் போகலாம், பின்தங்கிய சித்தப்பா பெரியப்பா இருப்பார்கள். 1901, 1911 கணக்குகள் பிழைத்திருக்கின்றன, அந்த ஊரில் யார் கடைசிவரை இருந்தார்கள் என்று அவற்றில் பார்க்கலாம்.

கார்த்திகைப்பூ:

மூன்று பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. வடகாற்று சொன்னபடி படைப்பிரிவு அட்டவணையில் தேடினேன். டி கம்பெனியில் அந்தப் பெயரில் ஒரே ஒருவர்தான்! விதவையின் பெயர் பைபிளில் இருப்பதோடு அப்படியே பொருந்துகிறது. அவர் 1880களில் விண்ணப்பித்திருக்கிறார், மனைவி 1903இல். இருவருக்கும் சான்றிதழ் எண் இருக்கிறது. அட்டையின் படத்தை மாமியாரிடம் காட்டினேன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாங்கிப் பார்த்தார், பாட்டியம்மாவின் பெயரை விரலால் தொட்டுக் காட்டி "இவங்கதான்" என்றார்.

ஆனால் ஒன்று புரியவில்லை. அட்டையில் பெயருக்குக் கீழே "அலையஸ்" என்று போட்டு முற்றிலும் வேறொரு குடும்பப் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் ஏதாவது தப்புச் செய்துவிட்டுப் பெயரை மாற்றிக்கொண்டிருப்பாரோ என்று என் கணவருக்குக் கவலை. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை. இதோடு, இரண்டு எண் இருப்பதால் இரண்டு கோப்பையும் தனித்தனியாக வாங்க வேண்டுமா?

பழையதாள்:

கவலைப்படாதீர்கள், தயங்காமல் மாமியாரிடம் சொல்லுங்கள், உங்களுக்குக் கிடைத்ததிலேயே நல்ல செய்தி இதுதான். வேறு பெயரில் சேர்ந்தவர்கள் ஏராளம். வயது பத்தாத பையன்கள் வீட்டுக்குத் தெரியாமல் சேர்ந்தார்கள், சிலர் ஒரு படையிலிருந்து ஓடி இன்னொன்றில் சேர்ந்தார்கள், அம்மா மறுமணம் செய்த வீட்டில் வளர்ந்தவர்கள் மாற்றாந்தகப்பன் பெயரிலோ சொந்தத் தகப்பன் பெயரிலோ மாறி மாறி இருந்தார்கள். எது என்பதை ஊகிக்க வேண்டியதே இல்லை. இரண்டு பெயர் இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்காமல் அலுவலகம் ஒரு சல்லிக்காசு கொடுக்காது. ஏன் பெயர் மாறியது என்று அவரோ, அவருக்குப் பின் மனைவியோ சத்தியப் பத்திரம் எழுதியிருக்க வேண்டும், கூடவே சிறுவயதில் தெரிந்த ஒருவரைச் சாட்சிக்குக் கூட்டி வந்திருக்க வேண்டும். நூலகவாசி தேடச் சொன்ன அந்த உறவு அங்கேயே வந்து நிற்கலாம்.

கோப்பு ஒன்றுதான். விதவை விண்ணப்பித்ததும் கணவரின் காகிதங்களை அவர் கோப்போடு சேர்த்துவிடுவார்கள், ஆகவே விதவையின் சான்றிதழ் எண்ணைக் கொடுத்து, கணவரின் எண்ணையும் குறிப்பிடுங்கள். காப்பகத்தில் இரண்டு தேர்வு இருக்கும், தேர்ந்தெடுத்த சில தாள்கள் மட்டும் என்று ஒரு மலிவான தேர்வு, முழுக் கோப்பு என்று இன்னொன்று. மலிவானதை எடுக்கவே எடுக்காதீர்கள், சத்தியப் பத்திரங்கள்தான் அதில் விடுபடும். முழுக் கோப்பு முதல் 100 பக்கத்துக்கு 80 டாலர், அதற்கு மேல் இருந்தால் எவ்வளவு என்று சொல்லி அனுப்புவார்கள். கட்டணம் மாறியிருந்தால் அவர்கள் தளத்திலேயே இருக்கும்.

நூலகவாசி:

காத்திருக்கும் நேரத்தில் அந்த இரண்டாவது பெயரை வைத்து 1852 கப்பல் பட்டியலையும் வங்கிப் பேரேட்டையும் மறுபடி பாருங்கள். அந்தப் பெயர் கொஞ்சம் அபூர்வமானது என்றால் கிரிஃபித்தில் அது எந்த மாவட்டத்தில் குவிந்திருக்கிறது என்று பத்து நிமிஷத்தில் தெரியும்.

கார்த்திகைப்பூ:

முழுக் கோப்புக்குப் பணம் கட்டிவிட்டேன். மாமியாரிடமும் சொல்லிவிட்டேன், அவர் கவலைப்படவே இல்லை. "எங்க அப்பாவோட நடுப்பெயர் அது!" என்றார். யாரும் ஏன் என்று கேட்டதில்லையாம். கிரிஃபித்தில் பார்த்தால் அந்தப் பெயர் கார்க்கில் நாலைந்துதான், கெர்ரியில் பக்கம் பக்கமாக இருக்கிறது. கோப்பு வந்ததும் சாட்சிகளின் பெயரை இங்கே போடுகிறேன்.